தவக்காலத்து மண்டபம்

தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது.
அதனால் கருங்கல் பக்கத்து சூசையப்பர் மண்டபம்
ஆறு ஞாயிறு எங்களுக்கு.
தலைக்கு நூற்றைம்பது, கரண்ட் தனி.
நாற்காலிகளை அடுக்கிச் சுவரோரம் தள்ளி,
செடிக்கு வெள்ளம் விடும் பச்சை ஓஸை
வளைத்து வளைத்து டேப் போட்டு ஒட்டினால்
அதுதான் தடம்.

தரை மார்பிள்.
பதினாறு ட்யூப்லைட்டும் அதற்குள்ளே கிடக்கின்றன.
முதல் திருப்பத்தில் ஜெறினுடைய வண்டி
திரும்பாமல் போய் மேடைப் படியில் முட்டியது.
லிபினுடையது நின்ற இடத்தில் மூன்று சுற்று.
"எந்த சவத்துப்பய போட்ட பாலீஷ்லே இது?"
நான் குனிந்து
கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன்.

நான்தான்.
போன ஐப்பசியில், பதினோரு நாள்,
முட்டில் சாக்கு கட்டி,
ஐம்பதாம் நம்பர் கல்லில் தொடங்கி
மூவாயிரம் வரை தேய்த்து, கடைசியாகப் பவுடர் போட்டு.
அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தேன்,
என் மூக்குத் துவாரம்கூடத் தெரிந்தது.
கூலியில் இரண்டாயிரம் இன்னும் பாக்கி.

ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ரப்பர் தோட்டம்.
சிரட்டை சிரட்டையாகப் பால் வடிகிற ஊரில்
உள்ளங்கையளவு நாலு ரப்பர் வளையம்
தரையைப் பிடிக்க மாட்டேன் என்கிறது.

முதல் வாரம் எல்லாம் தப்பு.
வழுக்குகிறதே என்று இறுக்கினேன்.
ஸ்பிரிங்கை இறுக்கி, வண்டியைத் தரையோடு தாழ்த்தி,
சோப்புக்கட்டி செய்து விட்டேன்.
அது சாயவேண்டும் என்பது
இரண்டாவது ஞாயிறுதான் பிடிபட்டது.
வளைவில் உடம்பைச் சரித்து
வெளிச்சக்கரத்தின் மேல் ஒரு நொடி
உட்கார விடவேண்டும்.
குறுக்குக் கம்பியைக் கழற்றி சட்டைப்பையில் போட்டேன்.
ஷாக்கில் நானூறு எண்ணெயைக் கொட்டி இருநூறு ஊற்றினேன்.
அடித்தட்டுக்கும் தரைக்கும் நடுவே
நாலு ஒரு ரூபாய்த் துட்டு நுழையும் இடைவெளி.
பின்சக்கரங்களின் மூக்கை மூன்று டிகிரி உள்ளே,
குசுகுசுக்கிற இரண்டு பேர்போல.
விசையில் முதல் பாதி அழுத்தினால்
மோட்டார் கொட்டாவி விடும் அளவுக்குத்தான்.

லிபின் ஒரு பாட்டில் கொண்டுவந்தான்.
கருப்பட்டி கரைத்த வெள்ளம்.
"துணியில முக்கித் தொடச்சு விடுவோம் மக்கா,
ஒட்டிப் பிடிச்சிரும்."
பிடிக்கும். எனக்கும் தெரியும்.
ஆனால் கல் அதைக் குடிக்கும், கறை இறங்கும்,
மறுநாள் மூன்று தாலுகா எறும்பும்
வரிசையில் நின்று கும்பசாரம் பண்ணும்.
"தரையைத் தொட்டா கையை ஒடிப்பேன்" என்றேன்.
எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
சொல்லவேண்டியதாயிற்று.

சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.
ஷெர்லின் மட்டும் சிரிக்கவில்லை.
குலசேகரத்தில் பல் டாக்டருக்குப் படிக்கிறாள்.
நாலு டயரையும் ஈரப் பஞ்சால்
கடைவாய் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டே
"பளபளப்பு இல்ல அண்ணா, தூசிதான்" என்றாள்.

அன்றைக்கு அவள்தான் ஜெயித்தாள்.
வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே விசையை விட்டுவிடுவாள்,
யாரோ தூங்குகிற அறைக்குள் நுழைகிறவள்போல
வண்டி உள்ளே போகும், வெளியே வரும்.
நான் நாலாவது.
கடைசிச் சுற்றில் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போனபோது
கல்லுக்குள் தலைகீழாக ஓடிய வண்டியும்
கூடவே வழுக்கியது. அதைப் பார்த்ததில்
திருப்ப மறந்துவிட்டேன்.

ஓஸைச் சுருட்டும்போது பங்குச்சாமி வந்தார்.
"ஈஸ்டர் கழிஞ்சு எட்டுக் கல்யாணம் இருக்கு.
அதுக்கு முன்ன ஒருக்கா பாலீஷ் போட்டுத் தரணும்."
எவ்வளவு வேணும் சாமி?
"முகம் தெரியணும்."

பழைய பாக்கியைக் கேட்டேன். தலையாட்டினார்.
அவர் போன பிறகு வண்டியைக் கவிழ்த்து
பின் ஸ்பிரிங்கை
இன்னும் அரைச் சுற்று தளர்த்தினேன்.